கழித்த நாற்பது நிமிடம்

டெல்சி எழுதிய பொய் மொத்தம் நான்கு வரிதான். எழுதி முடிக்க அவளுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த நான்கு வரியை நம்பி முந்நூற்றுப் பன்னிரண்டு படகுகள் நான்கு வருடமாகக் கடலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன.

சவேரியார்துறைக் கடலின் அடியில் உணரிகளைப் பதித்து ஐந்து வருடம் ஆகிறது. காற்று எப்போது திரும்பும், கடல் எப்போது பொங்கும் என்று மூன்று நிமிடத்துக்கு மேல் பிசகாமல் அவை சொல்லிவிடும். சொன்னது கடல் நேர மையத்தின் டேட்டாபேஸில் பதிவாகும். ஒவ்வொரு படகிலும் சுக்கானுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது மையத்தைக் கேட்கும், மையம் ஒரே ஒரு நேரத்தைத் திருப்பி அனுப்பும். அதற்குக் கரைநேரம் என்று பெயர். அந்த நேரத்துக்குள் கரையில் இருந்தால் உயிர் மிஞ்சும். பெட்டி வந்த கையோடு பழைய வயர்லெஸ் கருவிகளை எல்லாம் கழற்றி விற்றுவிட்டார்கள். கடலே நேரம் சொல்லும்போது மனிதர்கள் கத்திப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள்.

முதல் வருடம் உணரி சொன்ன நேரத்தை மையம் அப்படியே அனுப்பியது. ஊரோ, கல்யாணப் பத்திரிகையில் ஆறு மணி என்று போட்டிருந்தால் ஏழு மணிக்குச் சட்டையைத் தேடுகிற ஊர். கரைநேரம் மூன்று என்றால் இன்னும் ஒரு வலை விடலாம் என்று யாருக்காவது தோன்றாமல் இருக்காது. அந்த வருடம் பத்தொன்பது பேர் போனார்கள். கணிப்பில் ஒரு தப்பும் இல்லை என்று மையம் அறிக்கை விட்டது. அதுவும் உண்மைதான்.

டெல்சி மையத்தின் புரோகிராமர். பிறந்தது சவேரியார்துறையில், வேலை நகரத்தில். பத்தொன்பதாவது ஆளின் அடக்கத்துக்குப் போனவள் அம்மா வீட்டில் தங்கினாள். அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கால் மணி நேரம் முன்னால்தான் ஓடும். பூசைக்குப் பிந்தக்கூடாது என்று அம்மா வைத்த ஏற்பாடு. காலையில் அதைப் பார்த்துப் பதறி எழுந்தவள், அலுவலகம் போனதும் யாரையும் கேட்காமல் மையத்தின் புரோகிராமில் அந்த நான்கு வரியை எழுதினாள். டேட்டாபேஸில் மூன்று மணி என்றிருந்தால் படகில் இரண்டு இருபது என்று தெரியும். நாற்பது நிமிடம் முன்னால். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒருவரும் சாகவில்லை. மையத்துக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

மூன்றாம் வருடம் ஈஸ்டர் சாப்பாட்டில் அவளுடைய தம்பி கிளாட்வின் கேட்டான். அவன் 'விண்ணரசி' என்ற படகை ஓட்டுகிறவன்.

"ஏக்கா, ஒண்ணு கேக்கேன். கரைநேரம் தாண்டி அரை மணி கழிச்சு வந்தாலும் கடல் சும்மாதான் கெடக்கு. நம்ம அம்மா கடியாரம் மாதிரி முன்னாடி கின்னாடி வச்சிருக்கியளா?"

"மூடிக்கிட்டு கறியத் தின்னுல," என்றாள் டெல்சி.

சொன்னவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா கடியாரம் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளாட்வின் அவள் சிரிப்பைப் பார்த்தான், தலையை ஆட்டிக்கொண்டான், மறுபடி கறியில் கை வைத்தான். கோடை முடிவதற்குள் சவேரியார்துறை முழுக்கப் பெட்டியைப் பார்த்து நாற்பதைக் கூட்டக் கற்றுக்கொண்டது. அலைந்து அலைந்து அந்த எண்ணை அவர்களே நிமிடச் சுத்தமாகக் கண்டுபிடித்தார்கள். கூட்டினாலும் உயிருக்கு ஆபத்தில்லை, சரியான நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அதனால் டெல்சியும் பேசாமல் இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து ஆய்வாளர் வந்தார். பெயர் தணிகைவேல். ஐம்பது வயது இருக்கும். தரவு நேர்மைச் சட்டத்தின்படி மாநிலம் முழுக்க மையங்களைச் சோதிக்கிறவர். டேட்டாபேஸில் உள்ளதுதான் மக்களுக்குப் போக வேண்டும், நடுவில் எவர் கைவைத்தாலும் மூன்று வருடம் சிறை என்பது அந்தச் சட்டம். வந்த ஒரு மணி நேரத்தில் நான்கு வரியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"போன வியாழக்கிழமை டேட்டாபேஸ்ல நாலு அஞ்சுன்னு இருக்கு. படகுக்குப் போனது மூணு இருபத்தஞ்சு. நடுவுல என்ன நடக்குது மேடம்?"

"பெட்டி கேட்டதும் டேட்டாபேஸ் வரிவரியா விடை தரும் சார். அந்த வரிய நாங்க நேரா மாத்த முடியாது, மாத்தப் போனா புரோகிராம் எர்ரர் காட்டும். அதனால ஒவ்வொரு வரியையும் ஒரு டிக்‌ஷனரியா நகல் எடுத்து, அதுல கரைநேரத்துலருந்து மட்டும் நாப்பது நிமிஷத்தக் கழிச்சு, எல்லாத்தையும் ஒரு பட்டியலாக் கட்டி, படகுக்கு அனுப்புதோம்."

"அப்போ மூலத்தைத் தொடாதேன்னு மெஷினே தடுத்திருக்கு. நீங்க நகல் எடுத்து நகல்ல பொய் எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க எண்ணம் எனக்குப் புரியுது," என்றார். "எங்க ஊர்ப் பக்கமும் ஒரு நல்ல மனுஷர் இருந்தார். கிணத்துத் தண்ணியில இருந்த விஷத்தோட அளவை, ஜனங்க பயந்துடக் கூடாதுன்னு கொஞ்சமாக் குறைச்சுக் காட்டினார். எங்க அண்ணன் குடும்பம் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுது. இப்ப அண்ணன் மட்டும் இருக்கார். இந்தச் சட்டத்தை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். சாயந்தரத்துக்குள்ள அந்த நாலு வரியை எடுத்துடுங்க. இனிமே போட்டாதான் குத்தம், பழசை நான் பெரிசு பண்ணல."

அங்கே அவள் சொல்லியிருக்க வேண்டும். படகுக்காரர்களுக்கு விஷயம் தெரியும், அவர்கள் நாற்பதைக் கூட்டுகிறார்கள், முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம் என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். மையத்தின் ரகசியத்தை வெளியே விட்டவளுக்கு வேலை இருக்காது. டெல்சி வாயைத் திறக்கவில்லை. அன்று விடியற்காலைதான் படகுகள் தங்கலுக்குக் கிளம்பியிருந்தன. இரவு கடலிலேயே கழித்துவிட்டுச் செவ்வாய் மாலை திரும்பும். வந்ததும் கிளாட்வினிடம் சொன்னால் போதும், அரை நாளில் ஊருக்கே பரப்பிவிடுவான். கடல் பொங்குவது பத்து நாளைக்கு ஒருமுறை. நடுவில் இருப்பது ஒரே ஒரு நாள். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் மாலை ஐந்து மணிக்கு அவள் நான்கு வரியையும் அழித்தாள்.

செவ்வாய் காலை பத்தரைக்கு உணரிகள் புது நேரத்தைப் பதிவு செய்தன. பிற்பகல் மூன்று இருபது.

டெல்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகிலும் இப்போது மூன்று இருபது என்றுதான் தெரியும். அவர்கள் நாற்பதைக் கூட்டி, நாலு மணிக்கு வந்தால் போதும் என்று முடிவு செய்வார்கள். மூன்று இருபதுக்குக் கடல் பொங்கும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு படகும் கரைக்கு நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும். கிளாட்வினுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. வேறு இரண்டு பேருக்குப் போட்டாள். அதே பெண்தான்.

தணிகைவேல் எதிர் மேசையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், படகுக்காரங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நாம கரைநேரத்துலருந்து நாப்பது நிமிஷத்தக் கழிச்சுத்தான் அனுப்புதோம்னு. மூணு இருபதுன்னு பாத்தா நாலு மணின்னு எடுத்துக்கிடுவாங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சிரிச்சுட்டேன் சார்," என்று சொல்லி, ஈஸ்டர் சாப்பாட்டுக் கதையை அவள் முழுக்கச் சொன்னாள். தம்பி கடலில் இருக்கிறான் என்பதையும் சொன்னாள்.

அவர் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் அந்த மூடியையே திருகிக்கொண்டிருந்தார்.

"நேத்து ஒரு பொய்யை எடுத்துட்டோம்னு சந்தோஷப்பட்டேன். கடைசியில அவங்களுக்குப் புதுசா ஒரு பொய்யைக் குடுத்திருக்கோம். பெட்டிக்கு நாலு வார்த்தை செய்தி அனுப்ப முடியாதா?"

"நேரம் மட்டுந்தான் சார் போகும். வேற எதையும் அது காட்டாது."

"கடற்படைக்குச் சொன்னா?"

"முந்நூத்துப் பன்னெண்டு படகு சார், இருபது மைல் கடல்ல பரந்து கெடக்கு. ஒவ்வொண்ணாத் தேடிப் போய்ச் சொல்லணும்." அவள் தயங்கினாள். "அந்த நாலு வரிய இன்னைக்கு மட்டும் திருப்பிப் போட்டுரவா?"

"போட்டா மூணு வருஷம் ஜெயில். உங்களுக்கு மட்டும் இல்ல, பாத்துட்டு இருந்த எனக்கும்," என்றார். பிறகு எழுந்தார். "பக்கத்து ரூம்ல இருந்து சென்னைக்குப் பேசிப் பாக்கறேன். எதுவும் பண்ணாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. கிளாட்வினின் மகளுக்கு வருகிற ஞாயிறு புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன் அத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. கவுன் எடுத்து, பையோடு டெல்சியின் அலமாரியில்தான் இருந்தது. மூன்று வருடம் என்பது எவ்வளவு என்று அவள் யோசித்துப் பார்த்தாள். யோசிக்கும்போதே விரல்கள் நான்கு வரியையும் அடித்து முடித்திருந்தன. மணி பத்து ஐம்பத்திரண்டு. படகுக்குப் போகும் விடையை ஒருமுறை திறந்து பார்த்தாள். இரண்டு நாற்பது. சரி. திரையை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பதினொன்று பத்துக்குத் தணிகைவேல் திரும்பி வந்தார்.

"மேலிடத்துல யாரும் எடுக்கல," என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"சரி சார்," என்றாள் டெல்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

மத்தியானம் இருவருக்கும் சாம்பார் சாதம் வந்தது. இருவரும் அதைப் பிரிக்கவே இல்லை. இரண்டு நல்லவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணிக்குச் சுவர் வரைபடத்தில் படகுகளின் புள்ளிகள் கரையை நோக்கித் திரும்பின. ஒன்றரைக்கு எல்லாமே திரும்பியிருந்தன. டெல்சி உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். இரண்டரைக்குள் முந்நூற்று நான்கு. இரண்டு நாற்பதுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டும் துறைமுகச் சுவருக்குள் இருந்தன. விண்ணரசி இருநூற்று எழுபதாவதாக வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துறைமுகக் கேமராவில் ஆட்கள் சுவர்மேல் ஏறி நிற்பது தெரிந்தது. இரண்டு ஐம்பது ஆயிற்று. மூன்று ஆயிற்று. கடல் குளம்போலக் கிடந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் வானத்தைப் பார்த்தார். பிறகு ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் விரல்விட்டு எண்ணினார்.

டெல்சிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாற்பது என்று காட்டினால் அவர்கள் மூன்று இருபதுக்குத்தானே வந்திருக்க வேண்டும்? எதற்கு இவ்வளவு சீக்கிரம் வந்தார்கள்? விடையைத் திறந்தாள். படகுக்குப் போய்க்கொண்டிருந்தது இரண்டு மணி. டேட்டாபேஸைத் திறந்தாள். காலையில் மூன்று இருபது என்றிருந்த இடத்தில் இரண்டு நாற்பது என்று இருந்தது. பக்கத்தில் திருத்தியவர் பெயரும் நேரமும் பதிவாகியிருந்தன. பதினொன்று நான்கு. தணிகைவேல்.

"நீங்களா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"டேட்டாபேஸ்ல இருக்கறதும் வெளிய போறதும் ஒண்ணா இருக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. டேட்டாபேஸ்லயே கைவைப்பாங்கன்னு எழுதும்போது எங்க யாருக்கும் தோணல. பழுதான உணரி தப்பாச் சொன்னா ஆய்வாளர் திருத்தலாம்னு ஒரு பிரிவு இருக்கு. அதை வெச்சுத் திருத்தினேன்." அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எதுவும் பண்ணலையே?"

"நாலு வரி சார்."

"நீங்க நாப்பது, நான் நாப்பது," என்றார். இருவரும் கேமராத் திரையைப் பார்த்தார்கள். சுவர்மேல் கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று இருபத்தொன்றுக்குக் காற்று வந்தது. கேமரா ஆடியது. அலை சுவரைத் தாண்டி விழ, கூட்டம் சிதறி வலைக்கூடத்துக்குள் ஓடியது. உணரிகள் இந்த முறையும் தப்பாகச் சொல்லவில்லை.

தணிகைவேல் தன் அறிக்கையின் கடைசிப் பத்தியை எழுதினார். எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினார். மையத்தின் சேமிப்பில் உள்ள நேரமும் மக்களுக்கு வழங்கப்படும் நேரமும் ஒன்றே, இடையில் எந்த மாற்றமும் செய்யப்படுவதில்லை.

"உங்க நாலு வரியை எடுத்துடுங்க. நாளையிலேருந்து உணரி பதியற இடத்துலயே நாப்பது குறைஞ்சு பதியட்டும். அதுக்கு நான் உத்தரவு போட்டுத் தரேன். படகுக்காரங்களுக்குப் பழைய பழக்கம் அப்படியே இருக்கும், சட்டத்துக்கும் ஒரு குறையும் வராது."

"அப்ப உண்மையான நேரம் எங்க சார் இருக்கும்?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"கடல்ல இருக்கும்," என்றார்.

அவர் கிணற்றை நினைத்துத்தான் சொல்கிறார் என்று டெல்சிக்குத் தெரிந்தது. போகும்போது அவர் நடை நேற்று வந்தபோது இருந்த மாதிரி இல்லை. அவள் நான்கு வரியை இரண்டாம் முறையாக அழித்தாள். அழித்து முடிக்கவும் கைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது.

"ஏக்கா, வந்து சேந்துட்டோம்லா. எல்லாரும் சுகம்." கிளாட்வினின் குரலுக்குப் பின்னால் காற்றின் இரைச்சலும் பத்து இருபது பேர் பேசுவதும் கேட்டன.

"கர்த்தருக்குத் தோத்திரம்," என்றாள். அவன் குரலைக் கேட்டதில் அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

"ஒண்ணு கேக்கேன். மொதல்ல மூணு இருபதுன்னு காட்டிச்சு. பொறவு ரெண்டு நாப்பது. பொறவு ரெண்டு மணி. நாங்க நாப்பதக் கூட்டி வந்து நின்னா, அதுக்கு மேல இன்னொரு நாப்பது நிமிஷம் கடல் சும்மா கெடந்துது. அந்நேரம் கூட ரெண்டு வலை விட்டிருக்கலாம்னு இங்க எல்லாரும் என்னையப் புடிச்சித் தின்னுதானுவ. இப்ப எண்பதா வச்சிருக்கியளா?"

டெல்சிக்கு ஈஸ்டர் சாப்பாடு ஞாபகத்துக்கு வந்தது. இந்த முறை சிரிக்கக்கூடாது, மூச்சுகூட மாறக்கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். என்ன சொன்னால் அவன் நம்புவான் என்று தேடினாள். நாற்பதுதான் என்று சொன்னால், இவ்வளவு நாளும் நாற்பது என்று ஒத்துக்கொண்டதாகும். எண்பது இல்லை என்றால், வேறு எவ்வளவு என்று கேட்பான்.

"எண்பதா? இல்ல, அதுக்கும் மேலயா? நூறு நூத்திருவது இருக்குமா?"

சரியான வார்த்தை அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

"சரிக்கா, நீ சொல்ல வேண்டாம். ஒனக்கு வேலைக்கு வம்பு," என்றான் கிளாட்வின், பாசமாக. "எனக்குப் புரிஞ்சு போச்சு."

"இல்லல, நாப்பதுதான், நாப்பது மட்டுந்தான்!" என்று அவள் கத்தியபோது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

உடனே திருப்பிக் கூப்பிட்டாள். அவன் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள். இப்போது இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தான்.